நனையாத பொட்டலம்

இன்று காலை பேரன் பெண்டாட்டி சம்பலுக்கு, இறால் இடித்துப் புளிக்கவைத்த பெலாச்சானை வாட்டினாள். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வாட்டினாள், பாவம். அப்படியும் வாடை என் கட்டில்வரை வந்துவிட்டது. வந்ததும் அன்றைக்கு நம் ரப்பர் தோட்டத்து டிவிஷன் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக என் முன்னால் வந்து நின்றார்கள். வேலைக்கு ஆள் பிரித்துவிடும் மண்டோர் கருப்பையா, தலையில் முண்டாசோடு. பண்டாரம் முத்தாண்டி, இடுப்பில் ஈரவேட்டியோடு. தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா, வெயில் ஏறாத நேரத்திலும் குடையை மடக்காமல். உறுமி அடித்த மாயாண்டி. பிள்ளைக் கொட்டகை ஆயா வீராயி. கடைசி வீட்டு அஞ்சலை, அவள் மாமியார், அவள் இடுப்பில் சளி ஒழுகிய பெண் குழந்தை. மண்டோருக்குப் பக்கத்தில் என் அக்கா. பொங்கல் பானைக்கு அந்தப் பக்கம் நான். நடுவில் நீங்கள்.

அக்காளுக்கும் ஒரு பேர் உண்டு. அதை மட்டும் இப்போது எழுதவில்லை. இந்த விஷயத்தோடு சேர்த்து அவள் பேரைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தீர்கள்.

கப்பலேறுவதற்கு முன் ஊரில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த எழுத்தை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும். போன மாதம் ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நம் தோட்டத்து ஆள் ஒருவன், அந்தக் காலத்தில் பிறந்துகூட இருக்கமாட்டான், என்னைக் காட்டித் தன் மருமகளிடம் சொல்கிறான்: "தெரியுமா, கோயிலுக்குப் பெலாச்சான் கொண்டாந்தாரே ஒரு சைக்கிள்காரரு, அவரு சம்சாரம் இந்தப் பாட்டி." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாயிற்று. நாம் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தை இடித்தாயிற்று. அந்தப் பேச்சு மட்டும் உங்கள் பேரில் ஒட்டிக்கொண்டு இன்னும் ஊர் சுற்றுகிறது. அதைக் கழுவத்தான் எழுதுகிறேன்.

உங்கள் சைக்கிள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாற்றலாகிப் போன தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் விட்டுப்போன பழைய வண்டி அது. பின்னால் கேரியர் இல்லாமல் வந்தது. நீங்கள் பக்காவ் மரக்கம்பை வெட்டி வந்து, செதுக்கி, கம்பியால் கட்டி, நீங்களே ஒரு கேரியர் செய்தீர்கள். பழைய டியூப்பை விரல் அகலத்துக்கு நீளமாக அறுத்துக் கட்டுவாராக வைத்துக்கொண்டீர்கள். அந்த ரப்பர் வாரை நீங்கள் இழுத்துக் கட்டினால் அதற்குள்ளிருந்து ஒரு வெற்றிலைகூட நழுவாது.

நம் டிவிஷனிலிருந்து பெரிய தோட்டத்து ஸ்டோர் ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அந்தப் புகைக்கொட்டகையில்தான் உங்களுக்கு வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவீர்கள். ஸ்டோரைத் தாண்டி இரண்டு கட்டை போனால் அசாம் ஜாவா கடைத்தெரு. லயத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் அறுபது வீட்டுச் சாமானும் உங்கள் வண்டியில்தான் வந்தது. மண்ணெண்ணெய் டின், உப்பு, புகையிலை, பிள்ளைக்கு மருந்து, தைக்கக் கொடுத்த ரவிக்கை, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும் கோழி. ஒரு தடவை மாயாண்டி வீட்டுக் கூரைக்குத் தகரம் ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டி வந்தீர்கள். காற்றடித்தபோது வண்டி பறந்துவிடும் என்று பிள்ளைகள் கூடவே ஓடினார்கள்.

சுமை ஏற்றுவதில் உங்களுக்கு ஒரு முறை இருந்தது. கனமானது கேரியரின் அடியில். வாடை அடிப்பது, எண்ணெய் ஒழுகுவது, உயிர் உள்ளது எல்லாம் இடது கைப்பிடியில். வாய்க்குப் போவதும் சாமிக்குப் போவதும் வலது கைப்பிடியில். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணிக்கிழிசல் அடையாளம். கடையில் அந்தக் கிழிசலால் கட்டித்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் நாற்பது பொட்டலம் இருந்தாலும் வீடு மாறிக் கொடுத்ததில்லை. யார் முடிச்சையும் நீங்கள் அவிழ்த்ததும் இல்லை. "உள்ள என்ன இருந்தா எனக்கென்ன புள்ள, நான் சுமக்கிறது வெளியதான்" என்பீர்கள். காலியாக வண்டி ஓட்டி வருவது உங்களுக்குப் பிடிக்காது. சாமான் இல்லாத நாளில்கூட ஒரு கட்டு விறகாவது ஏற்றிக்கொண்டு வருவீர்கள்.

அடுத்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உங்களுக்கு மூக்கு செத்துப் போயிருந்தது. வருஷக்கணக்காகப் புகைக்குள் நின்று நின்று வாசனை என்பதே தெரியாமல் போய்விட்டது. ஒரு நாள் அடுப்பில் சோறு தீய்ந்து லயம் முழுக்க நாறுகிறது, நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேரியருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர்க் குடத்தோடு நான் ஓடி வந்தபோது தலையைத் தூக்கி, "என்ன ஓடியாற?" என்று கேட்டீர்கள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்டோரில் தெரிந்தால் வேலை போய்விடும். ஷீட் கருகினால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும், மூக்கில்லாதவனை யாரும் புகைக்கொட்டகையில் வைத்திருக்கமாட்டார்கள். நீங்கள் நிறத்தைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தீர்கள். "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றீர்கள்.

நான் ஒருத்தியிடம் சொன்னேன். அக்காளிடம். பேன் பார்த்துக்கொண்டிருந்தோம், சிரிப்புக்காகச் சொன்னேன். அந்தக் குற்றம் என்னுடையது. அதை நான் யார் தலையிலும் போடவில்லை.

அக்கா மண்டோர் கருப்பையாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அதனால் நீங்களும் மண்டோரும் சகலைகள். அந்த வருஷம் கோயிலில் காப்புக் கட்டியபோது அவளுக்கு ஐந்து மாதம். காப்புக் கட்டினால் பத்து நாள் லயத்தில் மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாட்டுப் பானையைக்கூடச் சாக்கில் சுற்றி ரப்பர் மரத்தடியில் வைத்துவிடுவோம். சைக்கிளில் வரும் மீன்காரரும் அந்தப் பத்து நாள் நம் பக்கம் திரும்பமாட்டார். அக்காளுக்கு நாக்கு அடங்கவில்லை. காப்புக்கு முந்தின வாரமே மீன்காரரிடம் சொல்லிவைத்து, சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு உருண்டை பெலாச்சான் கொண்டுவந்து அசாம் ஜாவா மளிகைக் கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். வாடை வெளியே வராமலிருக்க ஓலைக்கு மேல் ஓலை, அதற்கு மேல் சாக்கு. கட்டுவதற்கு அவளுடைய நீலக் கிழிசலையும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அது என் பழைய சேலையில் கிழித்தது. பிறகு உங்களிடம் வந்து, "கடையில வெல்லம் ஒரு உருண்டை வாங்கி வச்சிருக்கேன், வரும்போது எடுத்தாங்க" என்றாள். கம்பம் என்னும் தங்கள் கிராமத்தில் மலாய்க்காரர்கள் தென்னம்பாளைப் பதநீரில் காய்ச்சும் கருப்பு வெல்லமும் ஓலையில் சுற்றிய உருண்டைதான். பெலாச்சானும் அப்படித்தான். கையில் எடுத்தால் கனமும் ஒன்று. மூக்குள்ளவனுக்கு மட்டும்தான் இரண்டும் வேறு.

பொங்கலுக்கு முந்தின நாள் கோயிலுக்கான வெல்லமும் நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். மஞ்சள் தடவிய வெள்ளைத் துணியில் கோயில் வெல்லம், சாக்கில் அக்கா பொட்டலம். இரண்டும் வெல்லம் என்பதால் இரண்டையும் வலது கைப்பிடியில் மாட்டியிருந்தீர்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாத ரோடு அது. லயம் வந்து சேர்ந்தபோது வெள்ளைத் துணி ஊறி, வெல்லம் கரைந்து, கருப்பாக உங்கள் முழங்காலில் வடிந்துகொண்டிருந்தது. அக்கா பொட்டலத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள்தான் மறைப்பதற்காக அப்படிச் சுற்றவைத்திருந்தாளே.

நீங்கள் அன்றைக்குச் செய்த காரியத்தை அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. நனையாததைப் பண்டாரத்திடம் கொடுத்துவிட்டு நனைந்ததை அக்கா வீட்டில் கொடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "கரைஞ்சு போனத ஆத்தாளுக்கு எப்படிக் குடுக்கிறது? நல்லத அங்க குடுத்துட்டேன். நாளைக்கு உங்க அக்காகிட்ட சொல்லிக்கலாம். வெல்லத்துக்கு வெல்லம்தான, கோவிச்சுக்காது."

நான்கூட, "கோவிச்சா கோவிக்கட்டும், சாமிக்குத்தான" என்றேன்.

பண்டாரம் அதைக் கற்பூரமும் சாம்பிராணியும் வைக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் காலையில் பால் பொங்கி வருகிறது. உறுமி சத்தம், குலவைச் சத்தம். பண்டாரம் பொட்டலத்தைக் கொண்டுவந்து பானைக்குப் பக்கத்தில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். அந்த நீலக் கிழிசல் அவர் விரலில் தொங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சாக்கை விலக்கினார், ஓலையைப் பிரித்தார், இரண்டாவது ஓலையைப் பிரித்தார். குலவை போட்ட வாய்கள் அப்படியே நின்றன. மாயாண்டி உறுமிக் குச்சியை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இது என்னாது?" என்றார் பண்டாரம். அவர் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், அது தன் கை இல்லை என்பதுபோல.

அஞ்சலை மாமியார்தான் சொன்னாள். "பெலாச்சான்லா. வேற என்ன?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"யாரு கொண்டாந்தது?" என்றார் மண்டோர்.

"ஒங்க சகலைதான் மண்டோரே. நேத்து மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து என் கையிலதான் குடுத்தாரு."

கிராணி ஐயா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உங்களை மேலும் கீழும் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, கேள்வி கேட்பது அவருக்குப் பழக்கம். "என்ன காணும், ஏழு கட்டை தூரம் மூக்குக்குக் கீழ தொங்கவிட்டுக்கொண்டு வந்திருக்கிறீர். மணம் தெரியேல்லையோ உமக்கு?"

அந்தக் கேள்விக்கு நீங்கள் உண்மையைச் சொன்னால் அன்றைக்கே ஸ்டோர் வேலை போயிருக்கும். தெரியும் என்று சொன்னால் சாமி குற்றம். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். நான் பானையைச் சுற்றி அக்காளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்திருந்தேன். தலையை லேசாக அசைத்தீர்கள். நின்றுவிட்டேன்.

அப்போது அக்கா என்ன செய்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது, தலை குனிந்திருந்தீர்கள். நான் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஐயோ, என் தங்கச்சி தலையெழுத்து இப்படியா போவணும்" என்று எல்லாரும் கேட்க அழுதாள். வீராயி ஆயா அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "புள்ளத்தாச்சி அழக்கூடாது தாயி, இதுக்கு நீ என்ன பண்ணுவ" என்றாள்.

மண்டோருக்கு நீங்கள் சகலை என்பதே வினையாயிற்று. வேறு ஆளாயிருந்தால் நாலு வார்த்தை திட்டி விட்டிருப்பார். "ஒறவுன்னு பாத்து விட்டா நாளைக்கு ஒருத்தன் என் பேச்சக் கேப்பானா?" என்று கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருஷக் காப்பு வரைக்கும் யார் வீட்டுச் சாமானும் உங்கள் சைக்கிளில் ஏறக்கூடாது. கோயில் சாமானைத் தொடவே கூடாது. பண்டாரம் உங்கள் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லிக் கைப்பிடியிலும் கேரியரிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். நீங்கள் வண்டியைச் சாய்த்து வாகாகப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பானையிலிருந்த பாலைக் கொண்டுபோய்க் காட்டில் கொட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் உங்களை விடவில்லை.

"அவ பேரச் சொல்லியிருக்கலாம்ல?"

"அஞ்சு மாசம் புள்ள. அத்தன பேரு முன்னால நிக்க வச்சா தாங்குமா? நாக்கு கேட்டிருக்கும்."

"நாக்கு கேட்டா வேப்பலையத் திங்கட்டும்."

"ஒனக்கு இந்தச் சீமையில இருக்கிற ரத்த ஒறவு அவ ஒருத்திதான். நான் வாயத் தொறந்தா நீயும் அவளும் அத்தோட சரி. எனக்கு என்ன, ஒரு வருஷம் காலி வண்டி ஓட்டணும். ஓட்டிட்டுப் போறேன்."

"நான் சொல்றேன் போயி."

"என் தலையில அடிச்சுச் சொல்லு, அவ பேர எடுக்கமாட்டேன்னு."

என் கையைப் பிடித்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். தாலி கட்டினவர் தலை. சத்தியம் செய்தேன். செய்துகொண்டே அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

காலி வண்டி ஓட்டிப் போகிறேன் என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். சாயங்காலம் லயத்துக்குள் நுழையும்போது முன்பெல்லாம் மணி அடித்துக்கொண்டு வருவீர்கள், பிள்ளைகள் ஓடி வரும், பெண்கள் வாசலுக்கு வருவார்கள். இப்போது மணி அடிக்காமல் வந்தீர்கள். அந்த ரப்பர் வார்களைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டீர்கள். ஒரு கட்டு விறகுகூட ஏற்றவில்லை, அதுவும் சாமான்தானே என்றீர்கள். கேரியரில் சிலந்தி வலை கட்டியிருந்ததை ஒரு நாள் பார்த்தேன். ஓடுகிற வண்டியில் சிலந்தி கட்டுகிறதென்றால் பாருங்கள். லயத்துச் சனமும் சும்மா கஷ்டப்படவில்லை. மண்ணெண்ணெய் டின்னைத் தலையில் வைத்து ஏழு கட்டை நடந்தார்கள். நடந்துகொண்டே உங்களைத் திட்டினார்கள்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் மரம் சீவி எடுத்த ரப்பர் பாலை நிறுத்துப் போட்டு முடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அசாம் ஜாவாவுக்கு நடந்தேன். அஞ்சலைக்கு உப்பு, வீராயி ஆயாவுக்குப் புகையிலை, மாயாண்டி வீட்டுக்கு அரை டின் மண்ணெண்ணெய். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து ஸ்டோர் வாசலில் நின்றேன். நீங்கள் புகைக் கண்ணோடு வெளியே வந்தீர்கள்.

"இங்க என்ன பண்ற?"

"வண்டிய நேரா புடிங்க" என்றேன். கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டேன், டின்னை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எறங்கு. சாமான் ஏறக்கூடாதுன்னு இருக்கு."

"சாமான் வண்டியில எங்க இருக்கு? என் தலையில இருக்கு. வண்டியில நான்தான் இருக்கேன். பொண்டாட்டி ஏறக்கூடாதுன்னு எவனும் சொல்லல."

நீங்கள் என் தலை மூட்டையையும் மடி டின்னையும் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தீர்கள். "ஆடாம உக்காரு. நீ ஆடினா மூட்ட ஆடும், மூட்ட ஆடினா நான் விழுவேன், நான் விழுந்தா ஒங்க அக்கா புருஷன் அதுக்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுவாரு."

ஒரு பொம்பளை ஆம்பிளைக்குப் பின்னால் சைக்கிளில் உட்கார்ந்து வருவதை நம் டிவிஷன் அன்றைக்குத்தான் பார்த்தது. நீங்களும் நாணத்தை விட்டுவிட்டு மணி அடித்தீர்கள். மாயாண்டி, "கீழ சக்கரம், மேல மூட்ட, நடுவுல மகாராணி" என்று உறுமி இல்லாமலே வாயால் தாளம் போட்டார். அஞ்சலை மாமியார் வெட்கங்கெட்டவள் என்று என்னைச் சொன்னாள். மறுநாள் அவளே வந்து, "நாளைக்குப் போனா எனக்கு ஒரு கட்டு வெத்தல" என்றாள். வாரத்துக்கு இரண்டு நாள் அப்படிப் போனோம். வீட்டுக்கு வந்தால் கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. நல்லெண்ணெய் தேய்த்துவிடுவீர்கள். மண்டோர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

அடுத்த வருஷம் காப்புக்கு நாள் குறித்தார்கள். கோயிலுக்கு வெல்லம் வர வேண்டும். மண்டோர் நம் வாசலுக்கு வந்தார், உங்களிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்.

"நீதான் தலையில வச்சுக் கொண்டாறியே கொழுந்தியா, கோயில் வெல்லத்தையும் ஒரு நட எடுத்தாந்துடு."

"கொண்டாரேன் மாமா. ஆனா என் தலையில வராது. அவரு வண்டியில, வலது கைப்பிடியில வரும். கோயில் வாசல்ல வச்சுப் போட்ட கட்டு அது, அங்கயே வந்து எடுத்துவிடுங்க."

அவருக்கும் வேறு வழி இல்லை. சனம் கூடியிருக்கக் கோயில் வாசலில் வைத்துக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். எடுத்துவிடும்போது என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "ஆத்தா மன்னிச்சுட்டா, நாங்களும் மன்னிச்சுட்டோம்" என்றார். நீங்கள் கும்பிட்டீர்கள். ஆணியிலிருந்த ரப்பர் வார்களை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து அன்றைக்கே கேரியரில் கட்டினீர்கள். உங்களுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கியவர் நீங்கள். கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அந்தத் தப்பு மட்டும் உங்கள் பேரிலேயே தங்கிவிட்டது.

நான் ஏன் இத்தனை வருஷமாக இதைக் கையை விட்டு இறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போது சொல்கிறேன்.

அந்த வருஷமே அக்காளுக்கு வளைகாப்பு நடந்தது. நான் போய் வளையல் போட்டேன். எல்லாரும் வெளியே போனதும் அவள் கையைப் பிடித்தபடியே கேட்டேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"பொட்டலம் மாறினது."

அவள் வளையலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரிச்சப்பவே தெரிஞ்சுது. வெல்லம் ஒழுகுது."

"எப்பப் பிரிச்ச?"

"ஒன் வூட்டுக்காரு குடுத்துட்டுப் போனாரே, அப்பவே. இருட்டக்கூட இல்ல."

அவள் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் நாலு வீடு. பண்டாரம் கோயில் வாசலில்தான் படுத்திருப்பார். விடியும்வரை நேரம் இருந்தது. எழுந்து போய், பொட்டலம் மாறிப் போச்சு, குடுங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பெலாச்சான் என்று சொல்லக்கூட வேண்டியதில்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் போய்க் கேட்டிருப்பேன்.

"ஏன் சொல்லல?"

"மண்டோர் பொண்டாட்டி காப்பு நாள்ல பெலாச்சான் திங்கிறாளாம்னு ஊரே சிரிக்கும். அவருக்குத்தான் மூக்கு தெரியாதே, அதச் சொல்லிட்டா தெரியாம கொண்டாந்துட்டாருன்னு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

"அந்த வெல்லத்த என்ன பண்ண?"

"என்ன பண்றது? காலையில காப்பியில போட்டுக்கிட்டோம்."

ஆத்தாளுக்கு வந்த வெல்லத்தைக் காப்பியில் போட்டுக் குடித்துவிட்டுத்தான் மண்டோர் முண்டாசு கட்டிக்கொண்டு உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறார். அவருக்கு அது தெரியாது. அவரை நான் விட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எனக்காக அழுதாள்.

நாக்கு கேட்டதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கும் மூன்று பிள்ளைக்கு மசக்கை இருந்தது, எனக்கும் தெரியும். உங்கள் மூக்கு இல்லாததை அவள் தனக்குத் தோதாக எடுத்துக்கொண்டதைக்கூட, நான் சொல்லித்தானே தெரிந்தது என்று பாதியை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். இருட்டக்கூட இல்லாத அந்தப் பொழுதிலிருந்து பால் பொங்கும்வரைக்கும் அவள் சும்மா இருந்தாள் இல்லையா, அதுதான் எனக்கு இறங்கவில்லை.

நீங்கள் கடைசியாகப் படுத்திருந்தபோது அவளும் வந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்து, "தங்கமான மனுஷன்" என்று எல்லாரிடமும் சொன்னாள். நீங்கள் என்னைப் பார்த்து, "விட்டுரு புள்ள" என்று உதட்டை அசைத்தீர்கள். அவளும் பிறகு படுக்கையில் விழுந்தாள். மூன்று மாதம் நான்தான் குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன், முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டேன். ஒரு நாள், "என்ன மன்னிச்சுடேன்" என்றாள். வாயைத் துடைத்துவிட்டு, "கஞ்சியக் குடி" என்றேன்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நிறைய. இன்றைக்கும் பேரன் மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டும்போது, கனமானதை அடியில் போடு, இழுத்துக் கட்டு, ஒரு தரம் ஆட்டிப் பார் என்று நான்தான் நின்று சொல்கிறேன். கழுத்தும் இன்னும் இடது பக்கம் முழுசாகத் திரும்பாது, அதுவும் உங்களோடு வந்ததுதான். இவற்றையெல்லாம் சந்தோஷமாகத்தான் சுமக்கிறேன். இன்னொன்றையும் சுமக்கிறேன், அதை மட்டும் நீங்கள் கேட்டும் இறக்கவில்லை, அவள் கேட்டும் இறக்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினேன். நீங்கள் இருந்தவரைக்கும் உங்கள் தலைக்குப் பயந்து காப்பாற்றினேன், நீங்கள் போன பிறகு பழக்கத்தில் காப்பாற்றினேன். எந்தத் தலையில் அடித்துச் செய்தேனோ அந்தத் தலை இப்போது இல்லை, சத்தியம் மட்டும் எதன்மேல் நிற்கும்? இதைப் பேரனிடம் கொடுத்து நம் தோட்டத்து ஆட்களில் மிச்சம் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன். அந்தக் கல்யாணத்தில் சிரித்த பெண்ணுக்கும்தான்.

கோயிலுக்குப் பெலாச்சான் போனது நீங்கள் கொண்டுபோனதால் இல்லை. அதை வரவழைத்தவள், வெல்லம் என்று சொன்னவள், மாறியது தெரிந்தும் விடியும்வரை வாயைத் திறக்காதவள், நான் மன்னிக்காதவள், மண்டோர் கருப்பையாவின் பெண்டாட்டி, என் கூடப் பிறந்த அக்கா பாக்கியம்.